நான் சொன்ன ஓம்

தம்பி,

நீ அனுப்பிய பெரிய உறை வந்து ஒன்பது நாளாகிவிட்டது. மேசையில், உன் அம்மா வழக்கமாக இருந்த கதிரைக்கு முன்னால், அப்படியே கிடக்கிறது. ஒன்பது நாளும் அதற்கு எதிரே இருந்துதான் தேத்தண்ணி குடிக்கிறேன். உள்ளே என்ன என்று எனக்குத் தெரியும். வந்த அன்றே பிரித்துப் பார்த்துவிட்டேன். இந்த வீட்டை விடுகிறேன் என்று வீட்டுக்காரருக்கு நான் அறிவிக்கும் கடிதம். என் பெயர், டோர்ட்மண்ட் முகவரி, மூன்று மாத அவகாசம் எல்லாவற்றையும் ஒழுங்காகத் தட்டச்சு செய்திருக்கிறாய். கையெழுத்துக்குரிய இடத்தில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள், அதில் ஓர் அம்புக்குறி. இந்தக் கடிதத்துக்கு ஜேர்மன்காரர் வைத்திருக்கும் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் அதன் முதற்பாதி பின்பக்கத்துக்குரிய சொல்லாகிவிடும், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சிரிப்பு அடங்காது. நீயும் அந்த வகுப்பில் இருந்து சிரித்தவன்தான். ஆகவே வீட்டை விடும் கடிதம் என்றே எழுதிக்கொண்டு போகிறேன்.

முந்தநாள் தொலைபேசியில் கேட்டாய். "அப்பா, அந்தக் கடிதத்தில கையெழுத்து வைச்சிட்டீங்களே? மாதம் முடியிறதுக்குள்ள போய்ச் சேரவேணும்." நான் ஓம் என்றேன். "வைச்சிட்டீங்கள், என்ன?" என்றாய். "ஓம், பாப்பம்." மறுபக்கத்தில் நீ மூச்சு விட்டது கேட்டது. "பாப்பமோ? அப்பா, ஜப்பானில நான் கேட்டனான், நீங்கள் ஓம் எண்டு சொன்னனீங்கள். நான் ஒண்டும் உங்களைக் கட்டாயப்படுத்தேல்லை. காத்ரின் உங்கட அறைக்குப் பெயின்ற் அடிச்சும் முடிச்சிட்டா." மருமகள் பெயின்ற் அடித்ததற்கும் நான் ஓம் என்றேன். தொலைபேசியை வைத்த பிறகு வெகுநேரம் அந்த இடத்திலேயே நின்றேன். எனக்குக் களைப்பாக இருக்கிறது, தம்பி. நோய்க் களைப்பு இல்லை. ஒரே சொல்லை எழுபது வயது தாண்டியும் பிழையான இடத்தில் சொல்லிக்கொண்டிருக்கிற களைப்பு. அதனால்தான் பேசாமல் எழுதுகிறேன். எழுதும்போது அந்தச் சொல் தானாக வாயிலிருந்து விழாது.

நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்த முதல் ஆண்டில் நடந்த ஒன்றைச் சொன்னால் உனக்கு விளங்கும். பின்னங்களைக் கூட்டுவது எப்படி என்று மூன்று நாள் படிப்பித்தேன். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் "விளங்குதோ?" என்று கேட்பேன். நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் "ஓம் சேர்" என்பார்கள். நாலாம் நாள் ஒரு சின்னப் பரீட்சை வைத்தேன். அரையும் மூன்றில் ஒன்றும் எவ்வளவு என்று கேட்டதற்கு முப்பது பேர் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தார்கள். மேலே இருந்ததை மேலேயும் கீழே இருந்ததைக் கீழேயும் கூட்டியிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய ஓமுக்கு "நீங்கள் பேசுவது கேட்கிறது சேர், நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்" என்பதுதான் பொருள். அதன் பிறகு நான் ஒரு வகுப்பிலும் விளங்குதோ என்று கேட்டதில்லை. "சொல்லு பாப்பம்" என்றுதான் கேட்பேன். பிள்ளைகளிடம் இதைக் கண்டுபிடித்த எனக்கு, என்னுடைய ஓமும் அதே இனம்தான் என்பது தெரியாமல் போய்விட்டது.

உன் அம்மாவுக்குத் தெரியும். என்னிடம் மூன்று வகை ஓம் இருப்பதாகச் சொல்லுவாள். "உங்கட முதலாவது ஓம், காதில விழுந்தது எண்டதுக்கு. ரெண்டாவது, இனி வாயை மூடு எண்டதுக்கு. மூண்டாவதுதான் உண்மையான ஓம். அது வருசத்துக்கு ஒருக்காத்தான் வரும், நாங்கள் பாத்திருந்து பிடிக்கவேணும்." நீ பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போகவேண்டும் என்று கேட்டு, நான் ஓம் என்றதும், நீ அவளைத்தான் திரும்பிப் பார்ப்பாய். அவள் கண்ணால் சொல்லிவிடுவாள், இது எத்தனையாவது என்று. அவள் போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் இப்போது மொழிபெயர்க்க ஆள் இல்லை. நீ ஏழு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவன். உன் தமிழ் நல்ல தமிழ்; ஆனால் உன் காது ஜேர்மன் காது. ஓம் என்றால் உனக்கு அது ஜேர்மன் யா, முழுச் சம்மதம். நீ அதை நம்பி அடுத்த வேலையைத் தொடங்கிவிடுகிறாய். அது உன் பிழை இல்லை.

இனி ஜப்பானுக்கு வருகிறேன். செப்டெம்பரில் சப்போரோவில் உன் வேலை முடிகிறது, ஐந்து நாள் மிச்சம் இருக்கிறது, நீங்களும் வாருங்கள் என்று நீ கூப்பிட்டபோது நான் சொன்னது மூன்றாவது ஓம். அதில் ஐயம் வேண்டாம். "எங்கயடா கொண்டுபோகப் போறாய்?" என்று கேட்டேன். "மனிசர் குறைஞ்ச இடத்துக்கு" என்றாய். ஷிரெத்தோகோ என்ற அந்தப் பெயரை நான் விமானத்தில் பத்துத் தடவை எழுதிப் பழகினேன். ஜப்பானின் வடக்குத் தீவின் கிழக்கு மூலையில், கடலுக்குள் நீட்டிய விரல்போல ஒரு நிலம். அந்த விரலின் நுனிக்குத் தெருவே இல்லை. நடுவே மலையைக் கடக்க ஒரேயொரு தெரு, அதையும் பனிக்காலம் முழுக்கப் பூட்டிவிடுவார்கள் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. போய்ப் பார்த்தேன். மரமும் மலையும் கடலும் தங்கள்பாட்டில் இருந்தன. மனிதர் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான் என்ற மாதிரி. இத்தனை ஆண்டுகள் எங்கே போனாலும் கடதாசி காட்டிப் பழகிய எனக்கு, என்னை எதுவும் கேட்காத அந்த இடம் மிகவும் பிடித்துக்கொண்டது.

முதல் நாள் உத்தோரோ என்ற ஊரில் நாம் தங்கிய சின்ன விடுதியை நினைத்துப் பார். அந்த விடுதிக்கார அம்மா முன்கூடத்தில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தா. நாம் சப்பாத்தைக் கழற்றி, செருப்பு மாற்றி, பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து நின்ற நேரம் முழுக்க, "ஹாய்... ஹாய்... ஹாய்" என்றே சொல்லிக்கொண்டிருந்தா. தலையையும் ஆட்டினா. நான் உன்னிடம் மெல்லக் கேட்டேன், "என்னடா, கேக்கிறதெல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லுறா. பாவம் மனிசி." நீ சிரித்தாய். "இல்லை அப்பா. அவ இடமில்லை எண்டுதான் சொல்லிக்கொண்டிருக்கிறா. ஹாய் எண்டா யா இல்லை. நீங்கள் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டு அர்த்தம். ஜப்பான்காரரோட வேலை செய்யிற ஆக்களுக்கு முதல் பாடமே அதுதான். ஹாய் எண்டவுடன யா எண்டு எழுதிக்கொண்டு வந்தா எங்கட வேலை போச்சு." நான் ஓம் என்றேன். அந்த இடத்தில் எனக்கு ஒன்று சொல்லத் தோன்றியது. இந்தப் பிள்ளை கடல் தாண்டி வந்து ஊர்பேர் தெரியாத ஒரு மனிசியின் ஹாயைச் சரியாகப் புரிந்துகொள்கிறானே, என் ஓமும் அதுதானடா என்று. சொல்லவில்லை. நீ அறைப் பூட்டுக்குரிய திறப்பை வாங்கப் போய்விட்டாய்.

அடுத்த நாள் ஏரிகளைப் பார்க்கப் போனோம். காட்டுக்குள் நடப்பதற்கு முன் கரடியைப் பற்றிப் பத்து நிமிட விளக்கம் இருந்தது. பச்சைச் சட்டை போட்ட ஒரு பிள்ளை படங்களைக் காட்டிச் சொன்னாள். நீ என் காதில் சொன்னாய். சாப்பாடு கொண்டுபோகக் கூடாது. கரடியைக் கண்டால் ஓடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பேசிக்கொண்டே நடக்கவேண்டும்; ஆள் வருகிற சத்தம் கேட்டால் அது தானாகவே விலகிப் போகும். காட்டுக்குள் போனதும் நீ சொன்னாய், "அப்பா, கதையுங்கோ." "என்னத்தைக் கதைக்கிறது?" "எதையாவது. கரடிக்குத் தமிழ் விளங்காது." எனக்கு ஒன்றும் வரவில்லை. கடைசியில் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லத் தொடங்கினேன். நீ பின்னால் நடந்தபடி ஒவ்வொரு விடைக்கும் "சரி சேர்" என்றாய். எதிரே வந்த வயதான ஜப்பானியச் சோடி நின்று எனக்குத் தலை குனிந்து போனது. ஏதோ மந்திரம் என்று நினைத்திருப்பார்கள். பத்தொன்பதாம் வாய்ப்பாடு வரை போனோம். சிரித்துச் சிரித்து எனக்கு நெஞ்சு நொந்தது. ஆனால் திரும்பி வந்து வாகனத்தில் ஏறியபோது நான் நினைத்தது இதுதான்: ஒன்றரை மணி நேரம் வாய் ஓயாமல் பேசியிருக்கிறோம், ஒருவருக்கொருவர் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மலைத்தெரு. அங்கே தெருவில் வாகனத்தை இடப்பக்கம் ஓட்டுவார்கள்; நான் முதன்முதல் வாகனம் பழகியதும் இடப்பக்கத்தில்தான். காலையில் நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டுவிட்டு, நீ பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாய். என் ஜேர்மன் சாரதி அனுமதிப்பத்திரத்தின் ஜப்பானிய மொழிபெயர்ப்பு. அது இல்லாவிட்டால் அங்கே ஓட்ட முடியாது. எனக்குச் சொல்லாமலே எனக்கும் ஒன்று எடுத்து வைத்திருந்தாய். "ஓடுங்கோ அப்பா. தெருவில ஒருத்தரும் இல்லை." அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். என்னைப் பற்றிச் செய்யப்பட்ட மொழிபெயர்ப்புகளில் பிழை இல்லாதது அது ஒன்றுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

பாதி மலை ஏறும்போது மூடுபனி, நம் பேச்சில் புகார், வந்தது. நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். நீ "அப்பா, மான்" என்று கத்தியபோது நான் பிரேக்கில் கால் வைத்தேன். வாகனம் நின்றது. முன்னால் இரண்டு முழத்தில், தடித்த உடம்போடு அந்த மான் தெருவுக்குக் குறுக்கே நின்றது. எங்களைப் பார்த்தது, எதையோ மென்றது, அவசரப்படாமல் மறுபக்கம் இறங்கிப் போனது. நீ கேட்டாய், "கண்டனீங்களே?" நான், "கண்டனான். அதுதானே நிப்பாட்டினனான்" என்றேன். பிறகு, "புகாரில தெரியிறது கஷ்டம்தான்" என்றாய். உண்மையைச் சொல்ல எனக்கு நீ ஒரு கதவு திறந்துவிட்டாய். நான் அதற்குள்ளால் நுழையவில்லை. "எனக்குத் தெரிஞ்சது" என்றேன்.

தம்பி, நான் காணவில்லை. அது இடப்பக்கப் பற்றைக்குள்ளிருந்து வந்தது. என் இடப்பக்கம் எனக்கு இப்போது குறைவு. வசந்தகாலத்திலேயே கண் வைத்தியர் சொல்லிவிட்டா, இரண்டு கண்ணிலும் ஓரப் பார்வை போகிறது, போனது திரும்பி வராது, மிச்சத்தைக் காப்பாற்ற மருந்து விடவேண்டும் என்று. இனி ஓட்டவேண்டாம் என்றும் சொன்னா. மகனோடு பேசுங்கள் என்றா. நான் "யா, யா" என்றேன். இந்த நாட்டில் நாற்பது ஆண்டுகள் இருந்து நான் நன்றாகப் படித்த ஜேர்மன் அதுதான். ஒரு யா சம்மதம். இரண்டு யா என்றால் என் முதலாவது ஓம் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்று பொருள். அன்று மாலை நானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன்னையும் அதே கண்ணோடுதான் அந்த மலையில் ஏற்றினேன். அந்த மானுக்குப் பதிலாக ஒரு பிள்ளை வந்திருந்தால் என்ற நினைப்பு வராத நாள் இல்லை.

மலையுச்சியில் ஒரு தரிப்பிடம் இருந்ததே, அங்கே நிறுத்தினேன். திறப்பைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பனி விலகிக் கிழக்கே கடல் தெரிந்தது. கடலுக்கு அப்பால் நீளமாக ஒரு தீவு, இப்போது ரஷ்யாவின் கையில். அங்கே இருந்த ஜப்பானியர் ஒரு காலத்தில் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர்கள், திரும்பிப் போய் இருக்க ஏலாது, இங்கே நின்று பார்க்கலாம் என்று நீ சொன்னாய். பிறகுதான் தொடங்கினாய். பான் நகரில் நீயும் காத்ரினும் வாங்கிய வீட்டைப் பற்றி. கீழ்த் தளத்தில் தனிக் கதவுள்ள அறை, படி ஏறத் தேவையில்லை, குளியலறையில் கைபிடி, பத்து நிமிட நடையில் ஆறு. "நீங்கள் அங்க மூண்டாம் மாடியில தனிய இருக்கிறதை நினைச்சா எனக்கு நித்திரை வருதில்லை அப்பா. அம்மா இருந்தா நான் கேட்டிருக்க மாட்டன்." நான் ஓம் என்றேன். "வருவீங்கள்தானே?" ஓம். "உண்மையா?" ஓம் ஓம். நீ என் தோளைப் பிடித்தாய். நீ அப்படிப் பிடித்துப் பல ஆண்டுகள். என் மனம் முழுக்க மான் நின்றது. நீ எதைக் கேட்டிருந்தாலும் நான் ஓம் என்றிருப்பேன், மானைப் பற்றி மட்டும் திருப்பிக் கேட்காமல் இருந்தால் போதும் என்று. இறங்கும்போது நீ ஓட்டினாய். காத்ரினுக்குச் செய்தி அனுப்பச் சொல்லி என்னிடம் தொலைபேசியைத் தந்தாய். "அப்பா வாறார் எண்டு எழுதுங்கோ." என் கையாலேயே எழுதினேன்.

இப்போது நான் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த பழைய ஓமுக்கு வருகிறேன். இதை உனக்குச் சொல்லச் சொல்லி உன் அம்மா எத்தனையோ தடவை கேட்டாள். ஓம் என்றேன். எத்தனையாவது ஓம் என்று அவளுக்குத் தெரிந்தபடியால் ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டாள்.

நான் இங்கே வந்தபோது உனக்கு ஒரு வயது. நீயும் அம்மாவும் வந்தபோது உனக்கு ஏழு. ஏன் ஆறு ஆண்டுகள் என்று நீ பதினைந்து வயதில் ஒருமுறை கேட்டாய். சட்டம் அப்படி என்றேன். சட்டம் மட்டும் இல்லை. நான் தஞ்சம் கேட்டு விண்ணப்பித்த பிறகு ஒரு விசாரணை நடந்தது. ஒரு அதிகாரி, ஒரு மொழிபெயர்ப்பாளர், நான். மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர், நல்ல மனிதர், எனக்குத் தண்ணீர் வாங்கித் தந்தார். முதலில் நான் ஓம் ஓம் என்றபோது கடவுளைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்தாராம். "சார், சாமி கும்பிட்டு முடிச்சிட்டீங்களா, ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு அதுதான் சொல் என்றேன். "ஓ, ஆமாவா? சரி சார், இனி பார்த்துக்கறேன்" என்றார். நானே சொல்லிக்கொடுத்தேன், தம்பி. ஓம் என்றால் ஆமாம் என்று நானே படிப்பித்தேன்.

மூன்றாவது மணி நேரத்தில் அதிகாரி கேட்டார், யாழ்ப்பாணத்தில் ஆபத்து என்றால் நீ கொழும்பில் போய் இருந்திருக்கலாம்தானே என்று. நான், "ஓம், நீங்கள் கேக்கிறது விளங்குது, ஆனா" என்று தொடங்கினேன். மொழிபெயர்ப்பாளர் முதல் சொல்லைப் பிடித்து யா என்றார். தட்டச்சுப் பொறி அடித்தது. என் "ஆனா"வுக்குப் பிறகு நான் என்ன சொன்னேன் என்பது அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. இதில் நான் அவரைக் குறை சொல்ல முடியாது. ஏனென்றால் கடைசியில் முழுவதையும் அவர் எனக்குத் தமிழில் திருப்பி வாசித்தார். எனக்குப் பசி, தலைவலி, எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் சரியா என்று கேட்டார். ஓம், ஓம் என்றேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். கணித வாத்தியார், பிள்ளைகள் ஒரு படியைத் தவறவிட்டால் விடாத மனிதன், என் சொந்தத் தாளைச் சரிபார்க்கவில்லை.

மறுப்புக் கடிதத்தில் அந்த வரியை அப்படியே எழுதியிருந்தார்கள்: விண்ணப்பதாரர் கொழும்பில் வசித்திருக்கலாம் என்பதைத் தானே ஒப்புக்கொண்டார் என்று. வழக்கறிஞர், மேல்முறையீடு, மறுபடி விசாரணை. அந்த ஒரு சொல்லைத் திருத்த ஐந்து ஆண்டுகளுக்கு மேல் போனது. அந்தக் காலம் முழுக்க நீ வளர்ந்தது எனக்குப் படங்களில்தான் வந்தது. முதலாவது பல் விழுந்த படம் வந்தபோது, அது முளைத்ததை மட்டும்தான் நேரில் பார்த்திருக்கிறேன் என்று நினைத்தேன். நீங்கள் இரண்டு பேரும் விமான நிலையத்தில் கதவைத் தாண்டி வந்தபோது நீ அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இந்த மாமா ஆர் அம்மா?" என்று கேட்டாய். அம்மா என்னைப் பார்த்தாள். "கேக்கிறான், பதில் சொல்லுங்கோ" என்றாள். நான் உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். நீ இரண்டு மாதம் என்னை மாமா என்றே கூப்பிட்டாய். பிறகு சனிக்கிழமை வகுப்பில் மற்றப் பிள்ளைகள் அப்பா என்பதைக் கேட்டு நீயாகவே மாற்றிக்கொண்டாய். உன்னை நான் திருத்தவில்லை. அந்தப் பிழை என்னுடைய விடைத்தாளில் இருந்தது.

இதைச் சொல்லி உன்னிடம் மன்னிப்பு வாங்கிக்கொள்வது என் எண்ணம் இல்லை. அந்த மஞ்சள் ஒட்டுத்தாளை ஒன்பது நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு நினைவு வந்தது அந்த அறைதான். களைத்துப்போன ஒரு மனிதன், எதிரே நல்ல மனது உள்ள ஒருவர், இடையிலே ஒரு தாள், அதில் யா என்று ஏற்கெனவே அடித்தாயிற்று. கையெழுத்து ஒன்றுதான் குறை. இரண்டாம் தடவையும் நான் வாசிக்காமல் போட்டால், முன்னர் ஆறு ஆண்டுகள் உன் தலையில் விழுந்ததைப்போல இதுவும் உன் தலையிலேயே விழும். நான் பான் நகரில் அந்த அறையில் இருந்துகொண்டு, தினமும் மனம் நொந்து, கேட்டால் ஓம் நல்லாயிருக்கிறேன் என்பேன். நீயும் அதை நம்புவாய்.

ஆகவே இதை ஆறுதலாக வாசி. நான் வரவில்லை. இல்லை. இந்தச் சொல்லை நான் உனக்கு நேரே சொன்னது இல்லை என்று நினைக்கிறேன். எழுதவே கை கூசுகிறது. காத்ரின் எனக்காக ஒழுங்கு செய்த அறையில் ஒரு குறையும் இல்லை. அவள் அனுப்பிய படத்தில் அந்த மஞ்சள் சுவரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் ஒருமுறை நல்லாயிருக்கு என்று சொன்ன நிறத்தை நினைவில் வைத்திருக்கிறாள். அதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் என் வாழ்க்கையில் நான் வீடு மாறியதெல்லாம் வேறு யாரோ முடிவு செய்துதான். போர் ஒரு தடவை மாற்றியது. பிறகு முகாம். பிறகு எந்த ஊரில் இருக்கவேண்டும் என்று ஒரு கடதாசி வந்து சொன்னது. இந்த மூன்றாம் மாடி வீட்டை மட்டும்தான் நானும் உன் அம்மாவும் போய்ப் பார்த்து, யன்னலைத் திறந்து மூடி, தெருவுக்கு வந்து நின்று கதைத்து, எடுப்பம் என்று முடிவு செய்தோம். இதை விடுவதையும் நானே முடிவு செய்யவேண்டும். படி ஏற முடியாத நாள் வரும். அன்று நீ கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன், வாறன் என்று நானே முதலில் சொல்லுவேன். இது உன்னிடம் நான் கொடுக்கிற வாக்கு.

என்னைத் தனிமை என்று நினைத்து வருந்தாதே. செவ்வாய்க்கிழமைகளில் அம்மாவின் கல்லறைக்குப் போகிறேன். சனிக்கிழமை பின்னேரம் அருளப்பு அண்ணை வீட்டில் முந்நூற்றி நாலு சீட்டு விளையாட்டு. உனக்குத் தெரியும், அந்த மனிசன் துரும்புச் சீட்டை ஒளித்துவிட்டு இல்லை என்று சத்தியம் பண்ணுவார். இந்த உறையைப் பற்றி அவரிடம் சொன்னேன். "என்ன வாத்தியார், பெடியன் கூப்பிட்டா போகவேண்டியதுதானே. என்னை ஆரும் கூப்பிடேல்லை" என்றார். ஒரு சீட்டை இறக்கிவிட்டு, "ஆனா நீர் போனா நாலாவது கைக்கு நான் எங்க போறது?" என்றார். போ என்றும் போகாதே என்றும் இரண்டும் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

இனிமேல் நான் ஓம் என்றால், எத்தனையாவது ஓம் அப்பா என்று கேள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. உன் அம்மா முப்பது ஆண்டுகள் கண்ணால் செய்த வேலை அது. நீ வாயால் செய். நீயும் காத்ரினும் பேசும்போதும் கவனி. அவளுடைய அல்லெஸ் குட்டுக்குள், எல்லாம் நல்லம் என்ற அந்தச் சொல்லுக்குள், நான் இரண்டு தடவை என்னுடைய முதலாவது ஓமைக் கேட்டிருக்கிறேன். விளங்குதோ என்று கேட்காதே. சொல்லு பாப்பம் என்று கேள். பிறகு பதில் வரும்வரை பேசாமல் இரு. நீ பதில் வருவதற்கு முன் அடுத்த கேள்வியைக் கேட்கிறவன், அது என்னிடமிருந்துதான் வந்தது. இந்தக் கடிதத்தைச் சனிக்கிழமைப் பள்ளியின் ஆண்டு மலருக்கும் கொடுக்கலாமா என்று நினைக்கிறேன். அங்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற பெற்றோரில் பாதிப்பேர் இப்படி ஓம் சொல்லிக்கொண்டு இருப்பவர்கள்தான். நீ சம்மதித்தால் மட்டும். சம்மதத்தை ஜேர்மனில் சொல்.

மலையுச்சியில் நீ என்னிடம் ஒன்றைத்தான் கேட்டாய். கேட்டிருக்கவேண்டிய இரண்டாவதை, என் கண் எப்படி, இனி ஓட்டலாமா என்பதை, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டாய் என்று இப்போது நினைக்கிறேன். புகாரில தெரியிறது கஷ்டம்தான் என்று நீ சொன்னாயே, அப்போதே உனக்குத் தெரிந்திருக்கும். அதற்கும் பதில் இந்த உறையில் இருக்கிறது. வீட்டை விடும் கடிதத்தைக் கையெழுத்து இல்லாமல் திருப்பி வைத்திருக்கிறேன். அதோடு என் வாகனத்தின் திறப்பையும் வைத்திருக்கிறேன். மற்றத் திறப்பு அம்மாவினுடையது, அதையும் சேர்த்துத்தான். வாகனம் கீழே, மரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. வரும் கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ. அருளப்பு அண்ணை வீட்டுக்கு இரண்டு பேருந்து மாறவேண்டும், பரவாயில்லை. நேற்று ஒருமுறை போய்ப் பார்த்தேன். இறங்கவேண்டிய தரிப்பை விட்டுவிட்டு அடுத்ததில் இறங்கினேன். நடந்து வந்தேன்.

நீ ஒட்டியிருந்த மஞ்சள் ஒட்டுத்தாளைக் கழற்றித் திறப்பில் சுற்றியிருக்கிறேன். அம்புக்குறிக்குப் பக்கத்தில் யா என்று எழுதியிருக்கிறேன். எண்ணிப் பார். ஒன்றுதான் இருக்கும்.

அப்பா